ஒரு நாளில் யார் யாரைச் சந்திக்கிறோம்?

கழனிக்கு நீர் பாய்ச்சுகின்ற உழவர் ஏரியில் உள்ள நீரின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. எந்த மடை திறந்திருக்கிறது, எந்த வாய்க்கால் எவ்வளவு அகலம், எந்தக் கிளைக்கால் தூர்ந்து கிடக்கிறது என்பவற்றையும் பார்க்கிறார். ஆதலால்தான் எந்த வயலை நீர் முதலில் அடையும் என்று அவரால் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. தொற்றுநோய்க்கும் இவ்வாறே வாய்க்கால்கள் உண்டு. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தாவும் நோய், மக்கள் ஒருவரோடொருவர் கொள்ளும் அன்றாடத் தொடர்பு என்னும் வாய்க்கால் வழியே செல்கிறது. அந்த வாய்க்கால்களை எண்ணவும் அளக்கவும் கூடும் என்பதைக் கடந்த சில பத்தாண்டுகளில் மருத்துவ அறிவியல் மெய்ப்பித்திருக்கிறது.

இவற்றை வல்லுநர்களுக்கு விட்டுவிடலாமே; ஊராட்சி உறுப்பினருக்கும் உழவருக்கும் நெசவாளருக்கும் இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் கொரோனா நோயின் பொருட்டு நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. தறி நின்றது, சந்தை நின்றது, விளைந்த காய்கறியை விற்க வழியின்றி உழவர் தவித்தனர். எல்லா மடைகளையும் ஒருங்கே அடைப்பதன்றி வேறு வழி தோன்றாத வேளை அது. எந்த மடை வழியாக நோய் மிகுதியாகப் பாயும் என்பதை ஓர் ஊர் தன்னளவில் அறிந்து வைத்திருந்தால், இனி ஒரு நோய் வரும்போது அதனை முதலில் அடைத்து, மற்றத் தொழில்கள் பலவற்றைக் காத்துக்கொள்ளலாம். அவ்வாறு அறிந்துகொள்ளும் வழியையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

தொடர்பை அளக்கும் முறை

அளக்க வேண்டுமாயின் முதலில் அளவுகோல் வேண்டும். தொடர்பு என்றால் என்ன? தெருவில் எதிர்ப்பட்டோர் அனைவரையும் எண்ணினால் கணக்குக்கு முடிவே இராது. ஆகவே ஆய்வாளர்கள் எளிய வரையறை ஒன்றை வகுத்துக்கொண்டனர். ஒருவரைத் தொட்டிருக்க வேண்டும். அல்லது நேருக்கு நேர் நின்று குறைந்தது மூன்று சொற்களேனும் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அதுவே தொடர்பு. தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசினாலும் அது இக்கணக்கில் சேராது.

இந்த அளவுகோலைக் கொண்டு 2005, 2006ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் பெரியதோர் ஆய்வு நடைபெற்றது. அதில் பங்கு கொண்ட 7,290 பேரும் ஒரு நாள் முழுவதும் ஒரு நாட்குறிப்பை எழுதினர். யாரைச் சந்தித்தோம், அவருடைய வயது என்ன, சந்தித்தது எங்கே, எவ்வளவு நேரம், தொட்டோமா இல்லையா, அவரை எத்தனை நாளுக்கு ஒரு முறை சந்திக்கிறோம் என்பனவே அதில் எழுத வேண்டியவை. சிறு குழந்தைகளுக்காகப் பெற்றோர் எழுதினர். மொத்தம் 97,904 தொடர்புகள் பதிவாயின. 2008ஆம் ஆண்டில் இதன் முடிவுகள் வெளியாயின.

சராசரியாக ஒருவர் நாளொன்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சற்று மேற்பட்டவரோடு தொடர்பு கொண்டிருந்தார். ஆனால் செருமனியில் அது ஏறத்தாழ எட்டாகவும், இத்தாலியில் ஏறத்தாழ இருபதாகவும் இருந்தது. குழந்தைகள் குழந்தைகளோடும், இளைஞர் இளைஞரோடும் கூடிப் பழகுவதே எங்கும் மிகுதி. நெடுநேரம் நீடித்த தொடர்புகளும், நாள்தோறும் சந்திப்பவரோடு கொண்ட தொடர்புகளும் பெரும்பாலும் தொட்டுப் பழகும் நெருக்கமான தொடர்புகளாகவே இருந்தன.

அண்டை நாடுகளுக்கிடையிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்குமாயின், அவர்கள் கணக்கை நம் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது தெளிவு. பாட்டியும் பேரனும் ஒரே கூரையின் கீழ் உறங்கும் வீடு இங்கு உண்டு. அங்கு அது குறைவு. ஆகவே நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வுகள் தொடங்கின. அரியானா மாநிலம் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் பின்னர், குவாத்தமாலா, மொசாம்பிக், பாகிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளில் ஒரே முறையில் அளக்கும் ஆய்வு ஒன்று தொடங்கப்பட்டபோது, இந்தியாவின் பங்கு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து அமைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் பணியாளர் கேட்டு எழுதுவதும், யார் யாருக்கு அருகில் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைத் தானே குறித்துக்கொள்ளும் சிறு கருவியை உடலில் அணியச் செய்வதும் இத்துறையில் இன்று வழக்கிலுள்ள முறைகளாகும்.

நெசவு ஊரின் ஒரு நாள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற ஒரு நெசவு ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே தொழிற்கூடம் வேறு, வீடு வேறு என்பதில்லை. வீட்டின் முன்கூடத்திலேயே குழித்தறி இருக்கிறது. கோர்வைப் புடைவையாயின் தறியில் ஒருவர் போதாது. கரை நாடாவைத் தள்ள அருகிலேயே மற்றொருவர் அமர வேண்டும். அவர் மனைவியாகவோ, பிள்ளையாகவோ, பக்கத்துத் தெருவிலிருந்து கூலிக்கு வருபவராகவோ இருப்பார். காலை முதல் மாலை வரை இருவர் மூச்சும் ஒரே இடத்தில் கலந்திருக்கிறது. அதே கூடத்தின் ஒரு மூலையில் முதியவர் ஒருவர் படுத்திருப்பார்.

இதற்கு மாறாக, விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் காட்சியைப் பாருங்கள். அண்டை வீட்டார் பலர் கூடி நிற்பர். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். பார்ப்பவருக்கு அதுவே பெருங்கூட்டமாகத் தோன்றும். ஆனால் அது திறந்த வெளி. காற்று வீசும் இடம். வேலை முடிந்ததும் அவரவர் கலைந்துவிடுவர்.

இவ்விரண்டையும் ஒரு சிறு கணக்கால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாவு நீட்டுமிடத்தில் ஒருவர் இருபது பேரோடு ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நாற்பது நிமிடத் தொடர்பு. தறிக்கூடத்தில் அவர் மூன்று பேரோடு எட்டு மணி நேரம் இருக்கிறார். அது 1,440 நிமிடத் தொடர்பு. அதாவது முப்பத்தாறு மடங்கு. அதுவும் கூரைக்குக் கீழே. தலையை எண்ணினால் தெருவே ஆபத்தாகத் தோன்றும். நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எண்ணினால் கூடமே ஆபத்து மிக்கது என்பது விளங்கும்.

உழவர் நிலையும் இதுவே. நாற்று நடும் பெண்கள் இருபது பேர் வயலில் வரிசையாக நிற்பதில் அச்சம் குறைவு. அவர்களை நெருக்கி அடைத்து ஏற்றிச் செல்லும் மூடிய வண்டியில்தான் அச்சம் மிகுதி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் திறந்த களத்தைக் காட்டிலும், பட்டியல் எழுதும் சிறு அறைக்குள் முண்டியடித்து நிற்பதே கவனிக்கத்தக்கது.

கோயில் ஊருக்கு மற்றொரு தன்மையும் உண்டு. 2019ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நாற்பத்தெட்டு நாள் காஞ்சிபுரத்தில் அத்திவரதர் காட்சி தந்தபோது, ஒரு கோடி அளவில் மக்கள் வந்ததாகக் கணக்கிடப்பட்டது. அயலூரார் மணிக்கணக்கில் வரிசையில் நெருங்கி நின்றனர். இத்தகைய நாட்களில் ஊரின் வாய்க்கால்கள் தொலைதூர ஊர்களோடு இணைந்துவிடுகின்றன. ஆகவே அன்றாட நாளுக்கு ஒரு கணக்கும், விழா நாளுக்கு ஒரு கணக்கும் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எல்லா நோய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. காலரா பெரும்பாலும் கெட்ட குடிநீரால் பரவுவது. அங்கே ஆராய வேண்டியது குழாயும் தொட்டியும். டெங்குக் காய்ச்சல் கொசுவால் வருவது. அங்கே எண்ண வேண்டியது வீட்டைச் சுற்றி நீர் தேங்கும் கலன்களை. மூச்சுக்காற்றாலும் இருமலாலும் பரவும் காசநோய், தட்டம்மை, சளிக்காய்ச்சல், கொரோனா ஆகியவற்றுக்கே மனிதத் தொடர்பின் கணக்கு நேராக உதவும்.

தமிழ்நாடு கண்ட கணக்கு

இவ்வகையில் உலகமே எடுத்தாண்ட ஒரு கணக்கு நம் மாநிலத்திலிருந்து கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் நோயாளி ஒவ்வொருவரையும் அணுகி, அவர் யார் யாரோடு பழகினார் என்று கேட்டு, அவர்களையும் தேடிச் சென்று சோதித்தனர். அவ்வாறு திரட்டிய குறிப்புகளை ரமணன் லட்சுமிநாராயண் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து, அவ்வாண்டிலேயே ‘சயன்ஸ்’ என்னும் இதழில் வெளியிட்டனர். 84,965 நோயாளிகள், அவர்களோடு தொடர்பு கொண்ட 5,75,071 பேர் என்னும் பெரிய அளவில் அமைந்த ஆய்வு அது.

அதில் வெளிப்பட்ட உண்மைகள் நான்கு.

ஒன்று: நோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ எழுபத்தொருவர், தேடிச் சோதிக்கப்பட்ட தம் தொடர்பினர் ஒருவருக்கும் நோயைத் தரவில்லை. நூற்றுக்கு ஐந்தாறு பேர் வழியாகவே, தொடர்பினரிடம் காணப்பட்ட தொற்றில் நூற்றுக்கு எண்பது பங்கு பரவியிருந்தது.

இரண்டு: ஒரே வீட்டில் வாழ்ந்த தொடர்பினர் நூறு பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு நோய் பற்றியது. வெளியில் பழகியவருள் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்கே பற்றியது.

மூன்று: நோயாளியோடு ஒரே ஊர்தியில் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் நெருங்கி அமர்ந்து சென்றோரின் எண்ணிக்கை எழுபத்தெட்டுதான். எனினும் அவர்களுள் நூற்றுக்கு எழுபத்தொன்பது என்னும் விகிதத்தில் நோய் பற்றியது.

நான்கு: ஒத்த வயதினரிடையே நோய் தாவுவது மிகுதியாக இருந்தது.

ஊரடங்கும் கட்டுப்பாடுகளும் இருந்த காலத்துக் கணக்கு இது என்பதை மறத்தலாகாது. இருப்பினும் இதன் பொருள் தெளிவானது. நோய் ஊர் முழுவதும் சமமாகத் தூவப்படுவதில்லை. அது சில இடங்களில், சில வேளைகளில், சிலர் வழியாகக் கொத்துக் கொத்தாகப் பரவுகிறது. சென்னைக் கோயம்பேடு சந்தை இதற்குச் சான்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அங்கே நோய் கண்டது. மே 5ஆம் நாள் சந்தை மூடப்பட்டது. அதற்குள் அங்கே சுமை தூக்கியவரும் வணிகம் செய்தவரும் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களுக்குத் திரும்பிச் செல்ல, அங்கெல்லாம் நோயாளிகள் பெருகினர். காய்கறி வணிகம் திருமழிசையில் அமைத்த இடத்திற்கு மாற்றப்பட்டு, மே 10 முதல் நடைபெறலாயிற்று.

நோயைப் பலருக்குத் தந்த அந்த ஐந்தாறு பேரைக் குற்றவாளிகளாகக் கருதுவது பெருந்தவறு. சுமை தூக்குவதும், பேருந்து ஓட்டுவதும், நெருக்கமான கூடத்தில் தறி நெய்வதும் அவர்கள் பிழைப்பு. தமக்கு நோய் வந்திருப்பதே அவர்களுக்குத் தெரிந்திராது. இடத்தின் இயல்பும் வேலையின் இயல்பும் நோய்க்கு வாய்ப்பளித்தன. ஆகவே திருத்த வேண்டியது இடத்தையும் வேலை அமைப்பையுமே.

தொடர்பினரைத் தேடும் முறை புதிதுமன்று. பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில் நோயாளியைத் தேடிக் கண்டு, அவரோடு பழகியவருக்கும் சுற்றியிருந்தோருக்கும் தடுப்பூசி குத்தி, நோய்க்கு வேலி கட்டினர். 1975ஆம் ஆண்டு மே மாதத்தோடு அந்நோய் இந்நாட்டில் பரவுவது நின்றது.

சேத்துப்பட்டின் பாடம்

கொரோனாவின் கடுமை தணிந்துவிட்டது. ஆனால் காசநோய் இன்றும் நம்மிடையே இருக்கிறது. தொடர்பின் கணக்கு மிகவும் தேவைப்படுவது இந்நோய்க்கே.

1956ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அது இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. அக்காலத்தில் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைப்பதே முறை. அவர் வீட்டில் இருந்தால் குடும்பமே கெட்டுவிடும் என்று அஞ்சினர். இது உண்மையா என்று அந்நிலையத்தார் சோதித்தனர். சென்னையின் ஏழை மக்களுள் 193 நோயாளிகளைத் தேர்ந்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மற்றொரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டுக் காலம் அதே மருந்துகளைக் கொடுத்தனர். இரு சாரார் குடும்பத்தினரையும் தொடர்ந்து சோதித்து வந்தனர்.

1959ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகத்தையே வியக்கச் செய்தது. வீட்டில் இருந்தோரும் சானடோரியத்தில் இருந்தோருக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைந்தனர். வீட்டில் நோயாளியோடு வாழ்ந்த குடும்பத்தினருக்கு அதனால் நோய் கூடுதலாக வந்துவிடவில்லை. குடும்பத்துக்கு உண்மையான ஆபத்து, நோய் கண்டறியப்படாமல் மருந்தின்றி இருமிக்கொண்டிருந்த நாட்களில்தான். முறையாக மருந்து உட்கொள்ளத் தொடங்கியபின் அந்த ஆபத்து விரைவில் குறைந்துவிடுகிறது.

நெசவு வீட்டுக்கு இதனினும் தேவையான பாடம் வேறில்லை. இருமலை வெளியில் சொன்னால் பாவு கிடைக்காமற் போகுமோ, உதவிக்கு வரும் ஆள் நின்றுவிடுவாரோ, பெண்ணுக்கு வரன் தட்டுமோ என்று மறைப்பவர் உண்டு. மறைக்கும் ஒவ்வொரு நாளும் தறிக்கூடத்தில் எட்டு மணி நேரத் தொடர்பு நடந்துகொண்டே இருக்கிறது. தாம் காக்க எண்ணும் மனைவி மக்களுக்கே அந்த மறைப்பு தீங்காகிறது. ஊரார் இகழ்ந்து ஒதுக்குவார்கள் என்னும் அச்சமே இந்த மறைப்புக்கு வேர். அந்த அச்சத்தைப் போக்குவது மருந்தால் ஆவதன்று. ஊராட்சி மன்றத்தாலும் ஊர்ப் பெரியவர்களாலும்தான் ஆகும்.

தொடர்பினரைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. இதே நிறுவனத்தார் சார்க்கண்டு மாநிலத்தில் 2,800 காசநோயாளிகளின் குடும்பங்களில் நடத்திய ஆய்வு 2023ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வீட்டாருக்கும் சத்துணவு வழங்கிய குடும்பங்களில், புதிதாக நோய் தோன்றுவது நூற்றுக்கு நாற்பது பங்கு அளவில் குறைந்தது. நோயாளியோடு யார் வாழ்கிறார் என்று தெரிந்தால்தான் யாருக்கு உணவு தர வேண்டும் என்பதும் தெரியும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இவற்றைக் கொண்டு ஓர் ஊராட்சி பெரும் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, ஊரின் இடக்கணக்கு. ஒரு குறிப்பேட்டில், கூரையும் சுவரும் உள்ள இடத்தில் பத்துப் பேருக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடும் இடங்களை எல்லாம் எழுதுக. கூட்டுறவுச் சங்கக் கூடம், தறிக்கூடங்கள், பள்ளி வகுப்பறை, அங்கன்வாடி, திருமண மண்டபம், தொழிலாளர் செல்லும் வண்டி ஆகியவை அதில் வரும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சன்னல், அவை திறக்கின்றனவா என்று குறித்துக்கொள்க. பட்டு இழைக்குக் காற்று ஆகாது என்று தறிக்கூடத்துச் சன்னலைச் சாத்தி வைப்போர், உணவு வேளையிலும் வேலை நிறுத்தும் வேளையிலுமாவது அதனைத் திறந்து வைக்கலாம். மேல்சுவரில் காற்றுப் போக்கி அமைப்பது அதனினும் நன்று.

இரண்டாவது, ஒரு நாள் நாட்குறிப்பு. தெருவுக்கு ஐந்து வீடாக, விரும்பி முன்வரும் இருபது முப்பது குடும்பங்கள் ஒரு வேலை நாளிலும் ஒரு விடுமுறை நாளிலும் தம் தொடர்புகளை எழுதுக. மகளிர் சுயஉதவிக் குழுவினரும் மேல்வகுப்பு மாணவரும் இதற்குத் துணை புரியலாம். சந்தித்தவர் பெயர் வேண்டா. வயது, இடம், நேரம், கூரைக்குக் கீழா வெளியிலா என்னும் நான்கே போதும். சாதியோ வருமானமோ கேட்கலாகாது. எழுதியவற்றைக் கூட்டிப் பார்த்தபின் தாள்களை எழுதியவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். இது ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வைப் போல் நுண்ணியதாகாது. ஆயினும் ஊரில் முதியோரிடம் நெடுநேரம் இருப்பவர் யார், வெளியூர் சென்று வருபவர் எந்த வழியாகச் செல்கின்றனர் என்பன விளங்கும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அந்தத் தொகைக் கணக்கைக் காட்டி ஆலோசனை பெறலாம்.

மூன்றாவது, நோய் வரும்போது செய்யவேண்டிய வரிசை. நோயுற்றவரோடு ஒரே கூரையின் கீழ் நெடுநேரம் இருந்தோருக்கு முதலில் செய்தி. அடுத்து ஒரே வண்டியில் சென்றோர். அதன் பின்னரே மற்றையோர். செய்தி சொல்வது கிராம சுகாதாரச் செவிலியர் அல்லது சுகாதார ஆய்வாளர் வழியாக அமைய வேண்டும். தண்டோராவாகவோ கைப்பேசிக் குழுச் செய்தியாகவோ ஆகிவிடக் கூடாது. கூடிச் செய்யும் வேலைகளை இயன்றவரை திறந்த வெளிக்கு மாற்றுக. சந்தையை மூடுவதற்கு முன் அதனை அகலப்படுத்த முடியுமா என்று பார்க்க. தனித்திருக்க வேண்டிய நெசவாளரின் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் போய்ச் சேராவிடில், அவர் தனித்திருக்க மாட்டார். அவர் மீது பழி சொல்லிப் பயனில்லை.

நான்காவது, காசநோய்க்கு எப்பொழுதும் விழிப்பு. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் உள்ளவரைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புக. சோதனையும் மருந்தும் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. நோயாளி வீட்டார் அனைவரும் சோதிக்கப்பட்டனரா, தடுப்பு மருந்து வேண்டியவருக்கு அது கிடைத்ததா என்று உறுப்பினர் செவிலியரிடம் கேட்டறிவது தம் கடமையெனக் கொள்க.

பேரிடர் வந்தபின் வாய்க்கால் எங்கே என்று தேடுவது வெள்ளம் வந்தபின் மடையைத் தேடுவதை ஒக்கும். ஊர் நலமாக இருக்கும் காலமே இந்தக் கணக்கை எடுப்பதற்கு ஏற்ற காலம். அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்தில், சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றோடு இதனையும் ஒரு பொருளாக வைத்து, இடக்கணக்குக் குறிப்பேட்டைத் தொடங்கத் தீர்மானம் இயற்றலாம். ஒரு குறிப்பேடும், தெருவுக்கு ஒருவரும், இரண்டு நாள் உழைப்புமே அதற்கு வேண்டுவன.